ஒளி உளி எந்தப் பக்கம் நடக்க வேண்டும்?



தோட்டத்தில் வாழும் நமக்கு உளி என்றால் என்னவென்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்ட இந்நாளிலும், பால் வெட்டும் உளியைப் பிடித்து வாழ்ந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இன்று நாம் பேசப்போவது வேறோர் உளியைப் பற்றி. அது லேசர் என்னும் ஒளியால் ஆன உளி. மரம், தோல், அக்ரிலிக் பலகை ஆகியவற்றின் மேற்பரப்பைச் சுட்டு, எழுத்தையும் படத்தையும் அது செதுக்குகிறது.

பட்டணத்துக் கடைகளில் பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், சாவி வளையம் ஆகியவற்றை இப்படித்தான் செதுக்கித் தருகிறார்கள். நம் பிள்ளைகள் சிலர் அத்தகைய கடைகளுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். வீட்டுச் சேமிப்பைத் திரட்டிச் சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கிச் சொந்தமாகத் தொழில் செய்யலாமா என்று எண்ணும் குடும்பங்களும் உண்டு. அப்படி எண்ணுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த இயந்திரம் அதிக வேகமாக ஓடும்?" என்பதே. அந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "வேலையை எந்தப் பக்கமாக ஓட்டுவது?" என்பதே அது. ஒரே இயந்திரத்தில், ஒரே பலகையில், ஒரே படத்தை 7 நிமிடத்திலும் முடிக்கலாம், 12 நிமிடத்திலும் முடிக்கலாம். அது எப்படி என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இந்த ஒளியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். உலகின் முதல் லேசர் 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிர்ந்தது. தியோடர் மைமன் என்னும் அறிவியலாளர் செந்நிற மாணிக்கக் கல்லைக் கொண்டு அதை உண்டாக்கினார். 1964இல் குமார் பட்டேல் என்பவர் கரியமில வாயுவைக் கொண்டு வேறொரு வகை லேசரைக் கண்டுபிடித்தார். அவர் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் பாராமதி என்னும் ஊரில் பிறந்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். இன்று மரமும் அக்ரிலிக்கும் செதுக்கும் கடைகள் பலவற்றில் இருப்பது இந்தக் கரியமில வாயு லேசர்தான். இதன் ஒளி நம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் ஒரு புள்ளியில் குவிந்துவிட்டால் மரத்தைக் கருக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு பெட்டிக்குள் பலகையை வைக்கிறோம். பலகைக்கு மேலே குறுக்காக ஒரு தண்டவாளம் இருக்கிறது. அந்தத் தண்டவாளத்தின் மீது சிறிய தலை ஒன்று இடமும் வலமுமாக ஓடுகிறது. ஒளி அந்தத் தலை வழியாகவே கீழே இறங்குகிறது. தலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடும்போது, படத்தில் கருமை வேண்டிய இடத்தில் ஒளி எரிகிறது. வேண்டாத இடத்தில் அணைகிறது. ஒரு வரி முடிந்ததும் தண்டவாளம் ஒரு மயிரிழை அளவு நகர்கிறது. தலை திரும்பி வந்து அடுத்த வரியைப் போடுகிறது. இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் நெருக்கமாகச் சேர்ந்தே ஒரு படம் உருவாகிறது.

இதைக் கேட்டதும் உங்களுக்கு நிரை நினைவுக்கு வரும். பால் வெட்டுகிறவர் ஒரு நிரையில் போய், கடைசி மரத்தில் திரும்பி, அடுத்த நிரையில் வருகிறார் அல்லவா? 500 மரங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு நிரைக்கு 50 மரம் வீதம் போனால் 10 நிரைகள். அதே காட்டில் குறுக்குவாட்டில் போய் ஒரு நிரைக்கு 10 மரம் வீதம் வெட்டினால் 50 நிரைகள். மரத்தின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் திரும்பும் இடங்கள் 10இலிருந்து 50 ஆகிவிட்டன. எந்தப் பக்கமாக நடப்பது என்பதை நம் பெரியவர்கள் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கால் வலியே அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஒளி உளிக்குக் கால் இல்லை. ஆகையால் நாம்தான் அதற்காகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்காகக் குத்துவிளக்குப் படம் செதுக்கிய பலகைகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தைச் சுற்றி ஒரு கரை இருக்கிறது. கரையோடு சேர்த்து உயரம் 200 மில்லிமீட்டர், அகலம் 50 மில்லிமீட்டர். வரிக்கும் வரிக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 10 வரிகள். தலையின் வேகம் வினாடிக்கு 300 மில்லிமீட்டர்.

விளக்கு நிமிர்ந்து நிற்பது. ஆகையால் கணினித் திரையில் அது நிற்பதைப் போலவே பலகையையும் நிற்கவைக்கத்தான் நமக்குத் தோன்றும். அப்படி வைத்தால் ஒவ்வொரு வரியும் 50 மில்லிமீட்டர் நீளம். உயரம் 200 மில்லிமீட்டர் என்பதால் வரிகள் 2,000. மாறாக, பலகையையும் படத்தையும் படுக்கவைத்தால் ஒவ்வொரு வரியும் 200 மில்லிமீட்டர் நீளம். வரிகள் 500 மட்டுமே. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 2,000 தடவை 50 என்றாலும், 500 தடவை 200 என்றாலும், 100,000 மில்லிமீட்டர்தான். அதாவது 100 மீட்டர். படத்தின் மேல் தலை ஓடும் தூரம் இரண்டிலும் ஒன்றே. அந்த ஓட்டத்துக்கு இரண்டிலும் ஏறத்தாழ 333 வினாடிகள் ஆகும்.

அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது? திருப்பத்தில்தான் வருகிறது. ஓடிவரும் தலை சட்டென்று நின்று திரும்பிவிட முடியாது. தோட்டத்துச் சாலையில் வேகமாக வரும் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்து, நின்று, திரும்பி, மறுபடியும் வேகம் பிடிக்க வேண்டும். லேசர் தலைக்கும் அப்படியே. நாம் சொன்ன வேகத்தில் ஒரு திருப்பத்துக்கு 0.2 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் சிமிட்டும் நேரம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். படுக்கவைத்த பலகைக்கு 500 திருப்பங்கள், 100 வினாடி. நிற்கவைத்த பலகைக்கு 2,000 திருப்பங்கள், 400 வினாடி. ஓட்டத்தின் 333 வினாடியையும் கூட்டினால், படுக்கவைத்த பலகை 433 வினாடியில், அதாவது 7 நிமிடம் 13 வினாடியில் முடிகிறது. நிற்கவைத்த பலகைக்கு 733 வினாடி, அதாவது 12 நிமிடம் 13 வினாடி ஆகிறது.

ஒரு பலகைக்கு 5 நிமிடம் மிச்சம். 40 பலகைகள் செய்ய வேண்டும் என்றால் 200 நிமிடம். 3 மணி 20 நிமிடம். ஒரு வழியில் 5 மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மற்றொரு வழியில் 8 மணி நேரத்தையும் தாண்டுகிறது. இயந்திரம் ஒன்றே, மின்சாரக் கட்டணம் கட்டுகிறவரும் ஒருவரே. ஒரு பலகைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்ட பிள்ளைக்கு, இது மாலையில் வீட்டுக்கு வருவதா, இரவு வரை கடையிலேயே நிற்பதா என்னும் கேள்வி.

"அப்படியானால் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்லலாம். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வேகத்தை இரு மடங்காக்கி வினாடிக்கு 600 மில்லிமீட்டர் என்று வைக்கிறோம். இயந்திரத்தின் இழுவிசை பழைய அளவுதான் என்றால், நின்று திரும்பும் நேரமும் இரு மடங்காகி 0.4 வினாடி ஆகிவிடும். நிற்கவைத்த பலகையில் ஓட்டத்துக்கு 167 வினாடி. திருப்பத்துக்கு 800 வினாடி. மொத்தம் 967 வினாடி. 16 நிமிடத்துக்கும் மேல். வேகத்தைக் கூட்டியதால் நேரம் குறையவில்லை, கூடிவிட்டது! படுக்கவைத்த பலகையில் மட்டும் 433 வினாடி 367 ஆகக் குறைகிறது. வரி குறுகியதாக இருந்தால், வேகம் பிடிப்பதற்குள்ளாகவே நிற்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. ஆகவே நீண்ட வரிக்கே வேகம் பயன் தரும்.

வேகத்தோடு இடமும் சம்பந்தப்பட்டது. தலை நின்று திரும்புவதற்குப் படத்தின் இரு புறமும் வெற்றிடம் வேண்டும். நாம் சொன்ன அளவுகளின்படி, 300 மில்லிமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு பக்கமும் 15 மில்லிமீட்டர் போதும். வேகம் இரு மடங்கானால் இடம் நான்கு மடங்காகும். 60 மில்லிமீட்டர் வேண்டும். பெட்டியின் உள் அகலம் 300 மில்லிமீட்டராக இருக்கும் சிறிய இயந்திரத்தில், 200 மில்லிமீட்டர் படத்தோடு இரு பக்கமும் 15 வீதம் சேர்த்தால் 230, தாராளமாக அடங்கும். இரு பக்கமும் 60 வீதம் சேர்த்தால் 320, அடங்காது. திரும்ப இடம் கொடுக்காமல் செதுக்கினால், தலை வேகம் குறையும் ஓரங்களில் ஒளி அதிக நேரம் பட்டு, கரை கறுத்துப்போகும். வேகம் கூடினால் சூடு படும் நேரமும் குறையும்; ஆகையால் செதுக்கலின் ஆழமும் குறையும். இதையும் மறந்துவிடக்கூடாது.

இங்கே தம்பிமார் ஒரு கேள்வி கேட்பார்கள். "பலகையை ஏன் திருப்ப வேண்டும்? அது நின்றபடியே இருக்கட்டும். வரிகளை மேலிருந்து கீழாக ஓட்டும்படி கணினியில் மாற்றிவிட்டால் என்ன?" நல்ல கேள்வி. கணினிச் செயலிகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் சாதாரணமாக இத்தகைய இயந்திரத்தில், இடவலமாக ஓடுவது தலை மட்டுமே, அது இலேசானது. மேலும் கீழுமாக ஓட வேண்டுமானால், தலையைத் தாங்கும் தண்டவாளம் முழுவதும் சேர்ந்து ஓட வேண்டும், அது கனமானது. மலைச்சரிவில் படிப்படியாக நிலத்தை வெட்டிப் பால்மரம் நட்டிருப்பார்கள். அங்கே ஒரே படியில் பக்கவாட்டில் நடப்பது எளிது. ஒவ்வொரு மரத்துக்கும் மேலே ஏறி இறங்குவது என்றால் மூச்சு வாங்கும். இயந்திரத்துக்கும் அப்படித்தான். கனமான தண்டவாளத்தை வரிக்கு வரி நிறுத்தித் திருப்பினால் நேரமும் ஆகும். அதிர்வினால் எழுத்தும் நடுங்கும். ஆகையால் பலகை பெட்டிக்குள் அடங்குமானால், பலகையைத் திருப்பி வைப்பதே நல்லது. அடங்காத நீண்ட பலகைக்கு மட்டும் மற்ற வழியை நினைக்கலாம்.

பலகையைத் திருப்பினால், கணினியிலும் படத்தை அதே பக்கமாக 90 பாகை திருப்ப வேண்டும். பிறகு ஒளியை எரியவிடாமல், தலையை மட்டும் படத்தின் ஓரமாக ஒரு சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். படம் பலகைக்குள் விழுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். இந்த ஒரு நிமிடச் சோதனை ஒரு நல்ல பலகையைக் காப்பாற்றும்.

இனி, சிறு பொருள்களைப் பற்றிப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் சதுரமான சாவி வளையப் பலகைகள் 4 இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் செதுக்கினால் 4 தடவை 500 வரிகள், 2,000 திருப்பங்கள். முதலில் சொன்ன 300 மில்லிமீட்டர் வேகத்திலேயே 733 வினாடி ஆகும். இடையிலே 5 மில்லிமீட்டர் விட்டு நான்கையும் இடவலமாக ஒரே வரிசையில் அடுக்கி, ஒரே ஓட்டத்தில் செதுக்கினால், 215 மில்லிமீட்டர் நீளமுள்ள 500 வரிகள் போதும். 458 வினாடியில் முடிந்துவிடும். ஆனால் அடுக்கும்போது தூரத்தில் வைத்துவிடக்கூடாது. இரண்டு பலகைகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தால், அந்த வெற்றிடத்தைத் தலை வீணாகக் கடக்க வேண்டும். அப்போது சேர்த்துச் செதுக்க 433 வினாடி. தனித்தனியாகச் செதுக்க 367 வினாடி மட்டுமே. எல்லை எங்கே என்று கேட்டால், ஒரு திருப்பத்துக்கு ஆகும் நேரத்தில் தலை எவ்வளவு தூரம் ஓடுமோ அதுவே எல்லை. நம் கணக்கில் 0.2 வினாடியில் 60 மில்லிமீட்டர். இடைவெளி அதற்குக் குறைந்தால் சேர்த்துச் செதுக்கலாம். மிகுந்தால் தனித்தனியாகச் செதுக்கலாம்.

இந்த 0.2 வினாடி எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தாது. உங்கள் இயந்திரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பயன்படாத பலகைத் துண்டு ஒன்றில், 50 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கட்டத்தை, 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் முழுவதும் செதுக்குங்கள். அதில் 100 வரிகள் வரும். கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த ஓட்டம் 5,000 மில்லிமீட்டர். 300 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 வினாடி. கடிகாரம் 37 வினாடி காட்டினால், மீதி 20 வினாடி 100 திருப்பங்களுக்கு ஆனது. ஆக, ஒரு திருப்பத்துக்கு 0.2 வினாடி. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளை இதைச் செய்துவிடும்.

வேறு சில செய்திகளும் உண்டு. தலை போகும்போதும் வரும்போதும் செதுக்கினால் நேரம் மிச்சமாகும். ஒரு பக்கம் மட்டும் செதுக்கிவிட்டு வெறுமனே திரும்பினால் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் இரு பக்கமும் செதுக்கும்போது, ஒளி எரியத் தொடங்கும் சிறு தாமதத்தினால் வரிகள் ஒன்றுக்கொன்று விலகி, எழுத்தின் ஓரம் வாள்பல் போலத் தெரியலாம். செயலியில் அதைச் சரிசெய்யும் அளவு உண்டு. முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அடுத்து, புகையை இழுக்கும் விசிறி பெரும்பாலும் பெட்டியின் பின்புறம் இருக்கும். முன்புறத்திலிருந்து தொடங்கிப் பின்புறம் நோக்கிச் செதுக்கினால், செதுக்கி முடித்த பகுதியின் மேல் புகையும் தூளும் படிவது குறையும். தலை ஓடாமல், இரண்டு சிறு கண்ணாடிகளை அசைத்தே ஒளியைத் திருப்பும் இயந்திரங்களும் இருக்கின்றன. அவற்றில் கனமான உறுப்பு ஓடுவதில்லை என்பதால், திசையினால் வரும் வேறுபாடு மிகவும் குறைவு.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகவே போயிற்று. 1980களிலிருந்து அதே மரம் மலேசியாவில் மேசை நாற்காலி செய்யும் மரமாக மதிப்புப் பெற்றது. வெளிறிய நிறமுள்ளதால் அதில் லேசர் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். எந்த மரமானாலும், பலகையைத் திருப்பும்போது மரத்தின் ரேகைக்கும் செதுக்கும் வரிக்கும் உள்ள கோணம் மாறுவதால், சிறு துண்டில் முதலில் செதுக்கி, நிறத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

தாய் தந்தையர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்து ஓட்டக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளியே கண்ணைக் கெடுத்துவிடும். இரண்டாவது, இயந்திரம் ஓடும்போது அதைவிட்டு அகலக்கூடாது. மரம் தீப்பிடிக்கக்கூடும், தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை எக்காரணம் கொண்டும் செதுக்கக்கூடாது. சுட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும். அது நுரையீரலைப் பாதிக்கும். இயந்திரத்தையும் துருப்பிடிக்கச் செய்யும். நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நேயர்களே, வகுப்பில் நீள அகலக் கணக்குச் சொல்லித் தரும்போது, "இது எதற்குப் பயன்படும்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. 200க்கு 50 என்னும் ஒரு செவ்வகத்தில் ஒரு நாள் கூலியின் பெரும்பகுதி அடங்கியிருப்பதை இன்று பார்த்தோம். விலை உயர்ந்த இயந்திரம் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பழைய இயந்திரம் கிடைத்தாலும், பலகையின் நீளப் பக்கத்தை இடவலமாகத் திருப்பி வைக்கத் தெரிந்த பிள்ளை, புதிய இயந்திரத்தைக் கணக்கில்லாமல் ஓட்டுகிறவரை முந்திவிடும். இத்தொழிலுக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவு அந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிரையில் நடந்த பெரியவரும் அருகில் அமரட்டும். திருப்பத்தின் விலையை அவர் நன்கு அறிந்தவர்.